மணிக்கூண்டும் சாளரமும்: அகலம் மாறும்போது எழுத்து எங்கே நிற்பது?

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டு 1760-இல் கட்டப்பட்டது. தொழுகைக்கூடம் அதனினும் ஏறத்தாழ இரு நூற்றாண்டு மூத்தது, 1568-இல் எழுந்தது. மணிக்கூண்டைக் கட்டுவித்த எசக்கியேல் ரகாபி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் வணிகத்தில் பெரும்பங்கு வகித்தவர். கூண்டின் கடிகார முகங்கள் ஒரே எழுத்தில் அமையவில்லை. ஒன்றில் எபிரேய எழுத்தெண்கள், ஒன்றில் உரோமானிய எண்கள், ஒன்றில் மலையாள எண்கள். ஒரே நேரத்தை வெவ்வேறு மக்கள் தத்தம் எழுத்தில் படித்துக்கொண்ட இடம் அது.

இந்தக் கடிகார முகங்களில் வடிவமைப்பு சார்ந்த ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. எட்டு என்னும் எண்ணுக்கு எபிரேயத்தில் ஒரே எழுத்து போதும். மலையாள எண்ணிலும் ஒரே குறிதான். உரோமானிய முறையிலோ நான்கு எழுத்துகளை அடுக்கவேண்டும். அகலம் இவ்வளவு வேறுபட்டும் எட்டின் இடம் எந்த முகத்திலும் மாறுவதில்லை. ஏனெனில் அந்த இடம் அங்குலக் கணக்கில் குறிக்கப்பட்டதன்று. மையத்திலிருந்து பார்க்கும் கோணத்தால் குறிக்கப்பட்டது. வட்டத்தின் விட்டத்தை இரு மடங்காக்கினாலும், கைக்கடிகார அளவுக்குச் சுருக்கினாலும், ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் எட்டு நிற்கும்.

கணினித் திரையில் ஒரு சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும்போது எழும் வினாவும் இதுவே. உள்ளே தலைப்புகள், உரைப்பெட்டிகள், பொத்தான்கள், பட்டியல்கள் வரிசையாக நிற்கின்றன. சட்டகம் விரிந்ததும் அவை என்ன செய்யவேண்டும்? பழைய இடத்திலேயே நின்றால் வலப்புறம் வெறுமையாகிறது. சட்டகம் சுருங்கினால் கடைசிப் பொத்தான் வெட்டுப்படுகிறது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் எழுத்து ஊதிப் பொத்தான் பூசணியாகிறது. இதைப் பொறியாளர்களின் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், எழுத்துக்காகப் பெட்டி வளையவேண்டுமா, பெட்டிக்காக எழுத்து வளையவேண்டுமா என்னும் வழக்கில் போய் முடிகிறது. அந்த வழக்கில் மலையாளமும் தமிழும் ஒருமுறைக்கு மேல் தோற்றிருக்கின்றன.

தொடக்கக் காலத்து வரைகலைக் கணினிகளில் இச்சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. 1984-இல் வந்த மெக்கின்டாஷின் திரை 512 புள்ளி அகலமும் 342 புள்ளி உயரமும் கொண்டது. விற்ற எல்லாக் கணினிக்கும் அதே அளவு. கேள்வி கேட்கும் சிறு சாளரங்களின் அளவும் மாறாதது. ஆகவே ஒவ்வொரு பொத்தானுக்கும் இடம், வலம், மேல், கீழ் என நான்கு எண்களை எழுதிவைத்தால் வேலை முடிந்தது. அந்த எண்களையும் சொற்களையும் நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்புப் பகுதியில் வைத்தனர். மொழிபெயர்ப்பவர் நிரலைத் தொடாமலேயே சொற்களை மாற்றலாம் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் சொல் மாறினால் எண்களும் மாறவேண்டுமே! அந்த வேலை மொழிபெயர்ப்பவர் தலையில் விழுந்தது. பிரெஞ்சுச் சொல் நீண்டுவிட்டதா, பெட்டியைக் கையால் இழுத்து அகலப்படுத்து, பக்கத்துப் பெட்டியை நகர்த்து, அதற்கடுத்ததையும் நகர்த்து.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 1985-இல் வெளிவந்தபோது நிலைமை வேறு. பல நிறுவனங்கள் பல அளவில் திரைகள் செய்தன. எனவே புள்ளிக் கணக்கைக் கைவிட்டு எழுத்தின் அளவையே அலகாக்கினர். உரையாடல் சாளரங்களுக்கென ஏற்பட்ட அலகில், கிடைமட்ட அலகு ஒன்று என்பது எழுத்துருவின் சராசரி எழுத்தகலத்தில் நான்கில் ஒரு பங்கு. செங்குத்து அலகு எழுத்துயரத்தில் எட்டில் ஒரு பங்கு. எழுத்து பெரிதானால் பெட்டியும் தானே பெரிதாகும். கூர்மையான ஏற்பாடு. ஆனால் அந்தச் சராசரியைக் கணிக்க அந்நிறுவனத்தின் ஆவணங்கள் கூறிய வழியைப் பார்த்தால் சிக்கல் விளங்கும்: பெரிய, சிறிய இலத்தீன் எழுத்துகள் 52-ஐயும் வரிசையாக எழுதி, அகலத்தை அளந்து, 52-ஆல் வகுக்கவேண்டும். ‘ண’வும் ‘ஞ’வும் ‘ணௌ’வும் வாழவேண்டிய பெட்டிக்கு இலத்தீன் எழுத்தே முழக்கோல்.

1991-இல் வந்த விசுவல் பேசிக் இந்தியாவெங்கும் கணினி மையங்களில் கற்பிக்கப்பட்டது. 1990-களின் கணக்குப் பதிவு மென்பொருள்கள், நூலகப் பட்டியல்கள், மருத்துவமனைப் பதிவேடுகள் எனக் கணக்கற்றவை அதில் எழுதப்பட்டன. அதன் அலகு டுவிப். அச்சுத்தொழிலின் புள்ளியில் இருபதில் ஒரு பங்கு, அங்குலத்துக்கு 1440. அளவு இத்தனை நுண்ணியதாக இருந்தும், சாளரத்தை இழுத்தால் பொத்தான்கள் அசையா. அசையவேண்டுமெனில் சாளரத்தின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் ஓடும்படி நிரலர் கூட்டல் கழித்தல் கணக்கு எழுதவேண்டும். பலர் எழுதவில்லை. சாளரத்தின் அளவை மாற்றவே முடியாதபடி பூட்டிவிடுவது அக்காலத்தில் பெருவழக்கு. 1998-இல் டெல்ஃபியின் நான்காம் பதிப்பு நங்கூரம் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2002-இல் டாட்நெட்டும் அதை ஏற்றது. ஒரு பொத்தானை வலது ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் நங்கூரமிட்டால், சாளரம் எவ்வளவு விரிந்தாலும் அவ்வோரங்களிலிருந்து அதன் தொலைவு மாறாது. இரு எதிர் ஓரங்களுக்கும் நங்கூரமிட்டால் பொத்தான் நீளும்.

நங்கூரம் பாதி விடைதான். ஒரு பெட்டியின் மீது இரு திசைகளிலிருந்து அழுத்தம் வருகிறது. சாளரம் விரிவது வெளியிலிருந்து வருவது. உள்ளே இருக்கும் சொல் நீள்வது உள்ளிருந்து வருவது. நங்கூரம் வெளியழுத்தத்துக்கு மட்டுமே விடை கூறும். ‘சேவ்’ என்பது ‘சேமி’ ஆகும்போது இடர் இல்லை. தமிழின் ஏவல் வினைகள் சிக்கனமானவை, ‘திற’, ‘அழி’, ‘தொகு’ என்று ஆங்கிலத்தினும் குறுகி நிற்கும். ‘பிரிஃபரன்சஸ்’ என்பது ‘விருப்பத்தேர்வுகள்’ ஆகும்போதும், ‘பிரின்ட் பிரிவியூ’ என்பது ‘அச்சு முன்னோட்டம்’ ஆகும்போதும்தான் பெட்டி போதாமல் போகிறது. சொல்லின் வால் வெட்டுண்டு ‘விருப்பத்தேர்வு’ என்று நிற்கும். அல்லது கடைசி எழுத்தின் கொம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். இதைக் கண்ட பயனர் பெட்டியைக் குறைகூறுவதில்லை. ‘தமிழில் கணினி சரிப்படாது’ என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். இழப்பு அங்கேதான்.

இரு அழுத்தங்களையும் ஒருங்கே தாங்கும் வழியைக் கணினிக்கு முன்பே அறிந்திருந்த ஒரு தொழில் உண்டு. அது அச்சுக்கோப்பு. அதைப் பற்றிப் பேசக் கொச்சி மிகப் பொருத்தமான இடம். மட்டாஞ்சேரிக்கு அண்மையில், கோட்டைக் கொச்சிப் பகுதியில் சேசு சபையார் நடத்திய மாத்ரே தே தேவுசு கல்லூரியில் 1579 நவம்பர் 14-இல் ஒரு தமிழ் நூல் அச்சாகி முடிந்தது. ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் அந்நூல் போர்த்துக்கீசிய வினாவிடை நூலொன்றின் தமிழாக்கம். ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அழைத்த என்றிக்கே என்றிக்கசு. அதற்கு ஓராண்டு முன்னர், 1578 அக்டோபரில், கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்டது. அதன் இறுதிப் பக்கத்தில் 1577-இல் கோவாவில் வார்த்த தமிழெழுத்துகளும் 1578-இல் கொல்லத்தில் வார்த்தவையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டப்பட்டுள்ளன. ஒரே மொழிக்கு இரு எழுத்துருக்கள், ஒரே பக்க அகலம். அச்சுக்கோப்பவர் எதிர்கொண்ட நிலை அது.

அவர் என்ன செய்தார்? எந்த ஊர் அச்சுக்கூடத்திலும் செய்வதைத்தான். வரியின் அகலத்தை முதலில் குறித்துக்கொண்டு, எழுத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கோத்தார். ஒவ்வொரு கட்டைக்கும் தனக்கே உரிய அகலம் உண்டு. அதை எவராலும் நெருக்க முடியாது, அது ஈயம். வரி நிரம்பாமல் எஞ்சிய இடத்தை, எழுத்துப் பதியாத வெற்றுக் கட்டைகளால் நிரப்பினார். சிறிது எஞ்சினால் மெல்லிய தகடு, மிகுதியாக எஞ்சினால் தடித்த கட்டை. வரிகளெல்லாம் சேர்ந்ததும் இரும்புச் சட்டத்துள் வைத்துச் சுற்றிலும் ஆப்பு இறுக்கினால், பக்கம் முழுதும் தூக்கினாலும் உதிராத ஒரே பாளமாகும். இம்முறையில் எந்த எழுத்துக்கும் ‘இடமிருந்து இத்தனையாவது புள்ளி’ என்னும் முகவரி கிடையாது. முதலில் எழுத்துக்கு அதன் அகலம். பிறகு எஞ்சியதைப் பங்கிடும் வெற்றிடம். பக்க அகலம் மாறினால் எழுத்தை வெட்டுவதில்லை, வெற்றிடத்தை மாற்றுவார்கள்.

இதற்கு நேர் மாறான முறையும் கொச்சியிலிருந்தே வந்திருக்கிறது. டச்சுத் தளபதி வான் ரீடு கொச்சியில் இருந்துகொண்டு தொகுப்பித்த ‘ஓர்த்துசு மலபாரிக்குசு’, 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் படங்களில் செடியின் பெயர் இலத்தீன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த மலையாளம் கோத்த எழுத்தன்று. செடியோடு சேர்த்துச் செப்புத்தகட்டில் செதுக்கிய ஓவியம். பெயரும் இலையும் ஒன்றையொன்று விட்டு விலகவே முடியா. அழகு குறையாது, வரிசை குலையாது. ஆனால் ஓரெழுத்தை மாற்றவேண்டுமென்றால் தகட்டையே சுரண்டவேண்டும். நான்கு எண்களால் பொத்தானை அறைந்து வைத்த நிரல்களும் ஒருவகையில் செப்புத்தகடுகளே. நூல் பக்கத்துக்கு அது பொருந்தும். இழுத்தால் விரியும் சாளரத்துக்குப் பொருந்தாது.

ஈயக் கட்டையின் பெருந்தன்மை தட்டச்சுப் பொறிக்கு இல்லை. ஒரு விசையை அழுத்தினால் உருளை ஒரே அளவு நகரும். ‘ர’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரே அறை. மலாயாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர் ரா. முத்தையா 1930-களில் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தபோது, இரு நூற்று நாற்பத்தேழு எழுத்துகளை நாற்பத்து சொச்சம் விசைகளுக்குள் அடைக்கும் அரும்பணியைச் செய்தார். உருளையை நகர்த்தாத விசைகளைக் கொண்டு புள்ளியையும் கொம்பையும் முன்கூட்டியே அடித்து, அதன்மேல் எழுத்தைப் பதிக்கும் உத்தி அதில் முதன்மையானது. ஆயினும் அகன்ற எழுத்துகள் நெருங்கி ஒடுங்கியே நின்றன.

மலையாளத்தில் விலை இன்னும் கூடுதல். மெய்யோடு மெய் சேரும்போது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கூட்டெழுத்தாக்குவது அவ்வெழுத்தின் இயல்பு. உகரமும் ஊகாரமும் மெய்யின் உடலோடு ஒட்டி ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சுழியாகும். அச்சுக்கூடங்கள் நூற்றுக்கணக்கான கட்டைகளோடு அதைச் சமாளித்து வந்தன. தட்டச்சுப் பொறியால் இயலவில்லை. 1971 ஏப்ரலில் கேரள அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் உகர, ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து கழற்றித் தனிக் குறிகளாக வலப்புறம் நிறுத்தியது. ரகரக் குறியையும் பிரித்தது. பல கூட்டெழுத்துகளைச் சந்திரக்கலை இட்டு உடைத்தது. கையால் எழுதுவோர் பழைய முறையையே தொடர, அச்சும் தட்டச்சும் புதிய முறைக்குப் போயின. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இரண்டையும் கலந்து எழுதக் கற்றனர். தமிழ்நாட்டில் 1978 அக்டோபரில் ம. கோ. இராமச்சந்திரன் அரசு ஆணையிட்ட சீர்திருத்தம் இதனினும் சிறியது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்டு வந்த ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்களை அது ஏற்றது. அதன் பின்னணியில் கற்பவர் எளிமையும் இருந்தது. அச்சுக்கட்டைகளைக் குறைக்கும் நோக்கமும் இருந்தது. இரு சீர்திருத்தங்களையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. தமிழ் இழந்தது சில வளைவுகளை. மலையாளம் இழந்தது ஓர் எழுத்துமுறையின் கட்டமைப்பையே.

ஈயக் கட்டையின் அறிவு கணினிக்குள் நுழைந்த கதை 1977-இல் தொடங்குகிறது. இசுடான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத் தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியைக் கண்டு மனம் நொந்தார். முதற்பதிப்பு ஈய எழுத்தில் அழகாக வந்திருந்தது. புதிய ஒளியச்சுப் படி அதன் நிழலாகக்கூட இல்லை. தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள் எழுத முற்பட்டார். அதுவே டெக். அதன் உள்ளத்தில் இரண்டே கருத்துகள்: பெட்டி, பசை. எழுத்து ஒரு பெட்டி. சொல் பெட்டிகளின் பெட்டி. வரி அவற்றின் பெட்டி. பெட்டிகளுக்கு இடையில் பசை. ஒவ்வொரு பசைக்கும் மூன்று பண்புகள்: இயல்பான அகலம், எவ்வளவு நீளலாம், எவ்வளவு சுருங்கலாம். ‘பசை’ என்பதைவிடச் ‘சுருள்வில்’ என்னும் பெயர் பொருந்தும் என்று கனூத்தே ஒப்புக்கொண்டார். முதற்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, பசைக்கு அது இயல்புதானே.

அச்சுக்கோப்பவரின் வெற்றுக் கட்டைக்கும் இந்தப் பசைக்கும் வேறுபாடு ஒன்றுதான். கட்டையைத் தேர்ந்தெடுத்தவர் மனிதர்; பசையின் நீட்சியைக் கணக்கிடுவது பொறி. எல்லையற்று நீளும் பசையையும் கனூத் வகுத்தார். அத்தகைய பசை ஒன்றைச் சொல்லின் இடப்புறம் வைத்தால் சொல் வலது ஓரத்துக்குத் தள்ளப்படும். இருபுறமும் வைத்தால் நடுவில் நிற்கும். இடமோ எண்ணோ எங்கும் குறிக்கப்படுவதில்லை. இதில் கேரளத்துக்கும் ஒரு பங்கு உண்டு: டெக்கைக் கொண்டு அயல்நாட்டு ஆய்விதழ்களை அச்சுக்கோக்கும் தொழில் திருவனந்தபுரத்தில் 1990-களில் வேரூன்றித் தழைத்தது.

நூல் பக்கம் ஒருமுறை அமைந்தால் போதும். சாளரமோ நொடிக்கு நொடி அகலம் மாறும் பக்கம். இந்த ஒப்புமையைக் கண்டுகொண்டவர்கள் அதே இசுடான்ஃபோர்டில் இருந்தனர். மார்க் லின்டன், ஜான் விலிசிடசு, பால் கால்டர் ஆகியோர் 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய இன்டர்வியூசு என்னும் கருவித்தொகுப்பு, டெக்கின் பெட்டியையும் பசையையும் அப்படியே எடுத்துச் சாளரத்துக்குள் வைத்தது. பொத்தான் பெட்டி, இடைவெளி பசை. சாளரம் அளவு மாறும்போது முதலில் ஒவ்வொரு பெட்டியிடமும் ‘உனக்கு இயல்பாக எவ்வளவு வேண்டும்?’ என்று கேட்கப்படும். விடைகள் உள்ளிருந்து வெளியே கூட்டப்படும். பின்னர் உண்மையில் கிடைத்த அகலம் வெளியிலிருந்து உள்ளே பங்கிடப்படும். உள்ளழுத்தம், வெளியழுத்தம் இரண்டுக்கும் ஒரே முறை விடையளித்தது இங்கேதான்.

அதன்பின் இக்கருத்து பல பெயர்களில் பரவியது. 1991-இல் ஜான் அவுசுடர்ஹவுட்டின் டிகே, பெட்டிகளை ஓரங்களோடு ஒட்டி அடுக்கும் முறையைத் தந்தது. 1996-இல் வந்த ஜாவா ஒரே நிரல் பல கணினிகளில் ஓடவேண்டும் என்பதால், எழுத்துருவின் அகலத்தை முன்கூட்டி அறியவே முடியாத நிலையில், இடப்பொறுப்பை அமைப்பாளர் என்னும் தனி உறுப்பிடம் ஒப்படைத்தது. நார்வேயில் பிறந்த கியூட்டியும், கிம்ப் என்னும் பட மென்பொருளுக்காகப் பிறந்த ஜிடிகேயும் இவ்வழியையே பின்பற்றின. முன்னதன்மேல் கேடிஇ எழுந்தது, பின்னதன்மேல் க்னோம்.

இந்திய மொழிகளுக்கு இது எதிர்பாராத கொடையாயிற்று. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்த் தன்னார்வலர்கள் கேடிஇ, க்னோம் சூழல்களைத் தமிழாக்கத் தொடங்கினர். 2002-இல் தோன்றிய சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அப்பணியை மலையாளத்தில் மேற்கொண்டது. அவர்கள் கையில் கிடைத்தது சொற்களின் பட்டியல் மட்டுமே. எந்தப் பெட்டியையும் இழுத்து அகலப்படுத்தும் தேவை பெரும்பாலும் எழவில்லை. ‘விருப்பத்தேர்வுகள்’ என்று எழுதினால் பொத்தான் தானே அகன்றது, பக்கத்துப் பொத்தான் தானே ஒதுங்கியது. ஊதியம் பெறாத ஆசிரியர்களும் மாணவர்களும் மாலை வேளைகளில் செய்த வேலை முழுச் சூழலையும் தமிழில் நிறுத்த முடிந்ததற்கு அவர்கள் உழைப்பு முதற்காரணம். இந்தப் பெட்டியும் பசையும் துணைக்காரணம். கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது மாணவர்கள் மலையாளத்தில் கண்ட சாளரங்களும் இந்த அடித்தளத்தின் மேல் நின்றவையே. பழைய மலையாள எழுத்தை மீட்கக் கிளம்பிய ரசனா இயக்கமும் இக்காலத்ததே. தட்டச்சுப் பொறிக்காக உடைத்த கூட்டெழுத்துகளைக் கணினி எழுத்துரு மீண்டும் சேர்த்தது.

பசைக்கு எட்டாத உறவுகளும் உண்டு. பசை வரிசையை அறியும். வெவ்வேறு பெட்டிகளுக்குள் இருக்கும் இரு உறுப்புகள் ஒரே கோட்டில் நிற்கவேண்டுமென்றால் திணறும். அதற்கு விடை மிகப் பழையது. 1963-இல் மாசசூசெட்சில் ஐவன் சதர்லாண்டு செய்த சுகெட்ச்பேட், ‘இந்த இரு கோடுகளும் சம நீளம்’, ‘இவை இணை’ என்று உறவுகளை மட்டும் கூறினால் படத்தைத் தானே திருத்திக்கொண்டது. அவ்வழி வந்த கசோவரி என்னும் கணக்கீட்டு முறை 1990-களின் இறுதியில் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. 2011-இல் ஆப்பிள் அதைத் தன் சாளரங்களுக்கு எடுத்துக்கொண்டது. அதில் ஒரு நுட்பம் மட்டாஞ்சேரிக் கடிகாரத்தின் எபிரேய முகத்தை நினைவூட்டும். உறவுகளைக் கூறும்போது இடம், வலம் என்பதற்கு மாறாகத் தொடக்க ஓரம், முடிவு ஓரம் என்று சொல்லலாம். எபிரேயத்திலும் அரபியிலும் தொடக்கம் வலப்புறம். அம்மொழிகளுக்கு மாற்றினால் முழுச் சாளரமும் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும். இணையப் பக்கங்களும் இதே பாதையில் வந்தன. 2009-இல் முதல் வரைவு கண்ட நெகிழ்பெட்டி முறையில் ஒவ்வோர் உறுப்புக்கும் அடிப்படை அகலம், வளரும் அளவு, சுருங்கும் அளவு என மூன்று பண்புகள். கனூத்தின் பசையை அறிந்தவருக்கு அறிமுகம் தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் வழக்கு முடியவில்லை. மேற்கண்ட வரலாறு பெரும்பாலும் அகலத்தின் வரலாறு. உயரத்தை எவரும் அவ்வளவாகக் கருதவில்லை. இலத்தீன் வரியின் உயரம் ஏறக்குறைய மாறாதது என்பதால் பொத்தானின் உயரத்தைப் பல நிரலர்கள் எண்ணாலேயே குறித்து வந்தனர். மலையாளக் கூட்டெழுத்து கீழ்நோக்கி வளர்வது. தமிழிலும் ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘மூ’வின் கால் கீழே இறங்கும். உயரம் குறித்த பெட்டியில் சுழியும் காலும் வெட்டுப்பட்டன.

அதற்குக் கண்ட தீர்வு 1971-ஐ நினைவூட்டுகிறது. பெட்டியை வளர்ப்பதற்கு மாறாக எழுத்தைச் சுருக்கினர். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் சில எழுத்துமுறைகளுக்கு இடைமுகத்துக்கென்றே செங்குத்தளவு ஒடுக்கிய தனி எழுத்துருக்கள் இடம்பெற்றன; தமிழும் மலையாளமும் அவற்றுள் அடக்கம். முழு உயர எழுத்துரு வேண்டுமென்று நிரலர் தனியே கேட்கும் வசதி 2014-இல் ஐந்தாம் பதிப்போடு வந்தது. ஆனால் கேளாதவர்களுக்குக் கிடைத்தது ஒடுங்கிய எழுத்தே. கேட்கவேண்டும் என்று அறிந்தவர்கள் சிலரே. வெட்டுப்படாமல் படிக்க முடிந்தது. ஆனால் நெருங்கிய வரிகளில் எழுத்து மூச்சுத் திணறியது.

2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15 இந்த இயல்புநிலையைத் திருப்பிப் போட்டது. அப்பதிப்பை இலக்காகக் கொண்டு எழுதும் செயலிகளில், கேளாமலேயே முழு உயர எழுத்துரு வரும். பாதிக்கப்படும் எழுத்துமுறைகள் என ஆவணம் பட்டியலிட்டவற்றில் அரபு, லாவோ, பர்மியம், தமிழ், குசராத்தி, கன்னடம், மலையாளம், ஒடியா, தெலுங்கு, தாய் ஆகியவை உள்ளன. ஒடுங்கிய எழுத்துருவைக் கொண்டுவந்ததே வடிவமைப்பு குலையாமல் இருக்கத்தான் என்றும், பதின்மூன்றாம் பதிப்பிலிருந்து வரியின் உயரம் எழுத்துக்கேற்பத் தானே விரியக் கற்றுக்கொண்டதால் பெரும்பாலான குலைவுகள் இனி நேரா என்றும் அதே ஆவணம் விளக்குகிறது. பழைய ஒடுங்கிய எழுத்து வேண்டுவோர் அப்பதிப்பில் தனியே கேட்கவேண்டியிருந்தது. அவ்வசதியும் அடுத்து வரும் பதிப்புகளில் நீடிப்பது ஐயமே என்னும் எச்சரிக்கை அப்போதே தரப்பட்டது. உயரத்தை எண்ணால் அறைந்து வைத்த செயலிகளின் நிரலர்கள் தமிழ், மலையாளத் திரைகளைத் திறந்து, எந்தப் பொத்தானில் எழுத்தின் கால் வெட்டுப்படுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கிறது.